கலாராணி கட்டாத கட்டணம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று லுணுகலை பஸார் வீதியில் வரிசையாக மூன்று கடைகள் எனக்குச் சொந்தம். படித்தவர் யாராவது அப்படிச் சாதித்திருந்தால் வந்து சொல்லட்டும். அது கிடக்கட்டும், எழுத வந்தது என் மூலைக்கடையை வாடகைக்கு எடுத்த கலாராணியைப் பற்றி.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். குவைத்தில் அடுத்தவர் சமையலறையில் பாதி ஆயுளைக் கொடுத்துவிட்டு, பேர்பெற்ற பேக்கரிக் கம்பனி ஒன்றின் பெயரில் இங்கே கடை போட வந்தாள். அதே மூலையில் அதே பெயரில் முன்பு கடை நடத்தி நொடித்தவன் லூக்காஸ். நொடித்தவர்கள் ஊரைவிட்டுப் போவார்கள்; இவன் போகவில்லை. தினமும் மூடுபனி விலகும் முன்பே எதிர்ப்பக்கம் வந்து நிற்பான். கழற்றிய பெயர்ப்பலகை சுவரில் விட்டுப்போன வெளிறிய சதுரத்தையே பார்ப்பான். பஸ்ஸுக்கு வருபவர்கள் அவனைவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

கலாராணி சுவருக்குச் சாயம் பூசினாள். அப்போதும் அவன் அதே இடத்தைத்தான் பார்த்தான்.

“யாருங்கய்யா அது? முதுகுல யாரோ கை வச்ச மாதிரியே இருக்கு.”

“காசுக்குக் காத்திருக்கான்,” என்றேன்.

அவன் கடையை விட்ட அன்றே, எனக்குத் தந்த அட்வான்ஸை ஒரு சதம் குறையாமல் எண்ணிக் கொடுத்தேன். நான் அப்படிப்பட்டவன். கம்பனிக்குக் கட்டிய ஆரம்பக் கட்டணமும் அதுபோலத் திரும்பும் என்று இருந்தான் அவன். இதைக் கலாராணியிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மறுநாள் ஒப்பந்தத்தோடு கம்பனி ஆள் றொமேஷ் வந்தான்.

“கடைய விட்டா இந்தக் கட்டணம் எட்டு லட்சமும் திரும்பி வருமா தம்பி?”

“இல்லக்கா. அது எங்க பேரப் போடுறதுக்கும் பயிற்சிக்கும். திரும்பாது.”

“பாண் சுடுற போறணை?”

“அது வேற.”

“பலகை, மொத சரக்கு?”

“அதெல்லாம் ஒங்க செலவுக்கா.”

“அப்ப எட்டு லட்சத்துக்குப் பேர மட்டும் பார்சல் கட்டித் தருவீங்களோ?”

றொமேஷ் சிரித்தான். பிறகு வெளியே லூக்காஸைக் கண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

கட்டணத்தைக் கட்டினால் பாண் சுடும் போறணைக்குக் கையில் மிஞ்சாது. அவள் கையெழுத்துப் போடவில்லை. சின்னப் போறணை ஒன்று வாங்கி, பெயரில்லாத கடையில் பணிஸ் சுட்டு விற்றாள். நன்றாகவே ஓடியது.

ஒருநாள் லூக்காஸ் வீதியைக் கடந்து உள்ளே வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

“ஒங்க காசு என்னாச்சு தங்கச்சி?”

“எங்காசு எங்கிட்டயே இருக்குண்ணே.”

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “அப்ப திருப்பித் தர ஆரம்பிச்சிட்டாங்க! அடுத்தது நான்தான்!”

“இல்லண்ணே, நான் கட்டவேயில்ல...”

அவள் முடிப்பதற்குள் அவன் மறுபக்கம் போய்விட்டான். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கம்பனி ஆள் காசோடு வருகிறானா என்று வருகிற ஒவ்வொரு வேனுக்குள்ளும் எட்டிப் பார்க்கத் தொடங்கினான். இப்போது இருட்டினாலும் போவதில்லை.

அவன் கண்ணில் படாமலிருக்கக் கலாராணி பாதிக் கதவுதான் திறக்கிறாள். வாடகை ஏற்றாமல் வேறு கடை தருகிறேன் என்றேன். எந்த முதலாளி அப்படிச் சொல்வான்?

“நான் போனாலும் அவரு என் பேச்ச நம்பி அங்கதானேங்கய்யா நிப்பாரு?” என்றாள்.