தேவகி அக்கா பிடித்த கை

ஞாயிற்றுக்கிழமை காலை துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது நம் கம்பெனி பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. செக்கிங் பிரிவு தேவகி அக்கா போய்விட்டார், மாரடைப்பு. முந்தின நாள் மாலைகூட சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "வூட்டுக்குப் போயி கைக்கு மருந்து தடவு, மறந்துடாத" என்றவர்.

ஒரகடம் கார் கம்பெனியில் நம் லைனில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கார் கதவு விளிம்பில் ரப்பர் பட்டையை உட்கார வைக்க, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கிளவுஸ் போட்டால் பட்டை உட்கார்ந்ததா என்று கைக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் கழற்றிவிடுவோம். எனக்கு வலது உள்ளங்கை ஓரம் கருஞ்சிவப்பாகத் தடித்து, புள்ளிபுள்ளியாக எழும்பியது. ஓயாத உராய்வில் தோலும் அதனடியில் உள்ள சின்ன ரத்தக்குழாய்களும் இப்படி ஆகிவிட்டன, தொற்றாது என்றார் டாக்டர். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கேண்டீனில் நான் தொட்ட கரண்டியை அடுத்தவள் டிஷ்யூ சுற்றி எடுத்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் ஒளிக்கப் பழகினேன்.

ஒருநாள் அக்கா வந்து அந்த சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். என் கையை வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இன்னாத்துக்குடி ஓடறீங்க? ஒட்டாது. தேய்ஞ்சி வந்தது. கிளவுஸக் கழட்டினா நாளைக்கு உங்களுக்கும் வரும்."

எனக்கு மானமே போயிற்று. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொண்டால்தானே! மறுநாளும் அங்கேயே உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று குறை வேறு சொன்னார். "வெக்கப்பட வேண்டியது நீ இல்லடி" என்பார் அடிக்கடி. தலையை ஆட்டுவேன். கை என்னவோ துப்பட்டாவுக்குள்தான் இருக்கும்.

சாவு வீட்டில் அவர் மகள் கவிதா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள். பழக்கதோஷம், வலது கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அம்மாவைப் பறிகொடுத்த பெண் திகைத்து நின்றாள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இத்தனை நாள் தோலுக்காகப் பட்ட வெட்கமெல்லாம் இந்த வெட்கத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. கையைத் திரும்ப நீட்டினேன்.

"ஒட்டாதும்மா. தேய்ஞ்சி வந்தது."

என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்க்கா" என்று அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். "அம்மா சொல்லிக்கீது. 'பஸ்ல எனக்குன்னு டெய்லி சீட்டு புடிச்சி வெக்கிற பொண்ணு'ன்னுதான் உங்களச் சொல்லும்."

திங்கட்கிழமை பஸ்ஸில் அந்த சீட் மறுபடி காலியாக இருந்தது. அதன் மேல் என் வலது கையை வைத்துக்கொண்டு வந்தேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அக்காவுக்கு நான் பிடித்து வைத்த சீட் அது.