பீலியடியில் நின்ற சிவப்புக் கார்

2004 ஜூன் 12, சனிக்கிழமை. கந்தோரில் வேலை இல்லாத விடுமுறை நாள். வழக்கம்போல் அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டு அலுமாரியில் மாட்டினேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பதுளைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது மச்சான் வாசலில் நின்றார். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். "வேலை ஏதும் இருக்கா தம்பி? டிஸ்க் வாங்கப் போவமா?" என்றார். அன்று நாங்கள் கழற்றிய பழைய பிரேக் டிஸ்க் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டளவு இரும்பு வட்டம். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அதை அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன். பார்வைக்கு அது நெளிந்ததாகவே தெரியாது.

மச்சான் என் அக்காவின் கணவர். பதுளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் ஓய்வு பெறும்வரை லொறி ஓட்டியவர். தொழிற்சாலையிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கும் பாதையில் பதுளை ரயில் நிலையத்துக்கு வருவார். இறக்கம் முடியும் இடத்தில் ஒரு பீலி உண்டு. மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியே இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும். இறங்கி வரும் லொறிகளெல்லாம் அங்கே நிற்கும். சாரதிகள் வாளியில் தண்ணீர் பிடித்துச் சூடேறிய சக்கரங்களின் மேல் ஊற்றுவார்கள். சீறிக்கொண்டு ஆவி கிளம்பும். அது அடங்கும்வரை பீடி பிடிப்பார்கள். வண்டிக்குத் தண்ணி காட்டுவது என்று அதற்குப் பெயர். மச்சான் தன் வாழ்நாளில் அதைச் செய்யாமல் அந்த இறக்கத்தைக் கடந்ததில்லை.

அவருடைய ஒரே மகன் அரபு நாட்டில் கட்டட வேலை செய்தான். ஒரு விடுமுறையில் வந்தபோது, பண்டாரவளையில் யாரோ வைத்திருந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டே இருக்கைகள், வெளுத்த சிவப்பு நிறம். விளக்கைப் போட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கண்கள் எழும்பும். தோட்டத்து லய வரிசை வீடுகளின் பிள்ளைகள் தவளைக் கார் என்றார்கள். விடுமுறை முடிந்ததும் காரை அப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். பெற்றரி இறங்கிவிடாமல் அடிக்கடி ஓட்டும்படி சொல்லியிருந்தான். மச்சானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதுளைக்கு இறங்குவார். பீலியடியில் நிறுத்தி, லொறிக்குச் செய்தது போலவே, மகனின் காருக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் காட்டினார். பாசத்தால் இன்னும் ஒரு வாளி கூடவே ஊற்றியிருப்பார்.

சில மாதங்களில், பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. மகன் தொலைபேசியில் அழைத்தபோது நானும் அங்கிருந்தேன். மச்சான் நடுக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"அப்பா, தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம? சக்கரம் சுடுதுல்ல."

"அது லொறியோட மூடுன டிரம் இல்லப்பா. திறந்து கெடக்குற டிஸ்க்கு. கொதிக்கிறப்ப பச்சத் தண்ணிய ஊத்துனா நெளிஞ்சிரும். விடுங்க, நீங்க கை வைக்காதீங்க. நான் வந்து மாத்துறேன். சுத்தி ஓட்டை போட்ட டிஸ்க்கு இருக்கு, அதப் போடுவோம். பாக்கவே ராஜா மாதிரி இருக்கும்."

"ஓட்டை போட்டா இரும்பு கொறையும்டா. நம்ம எறக்கத்துக்கு ஓட்டையிலேர்ந்து வெடிப்பு விடும். கனமா, மொட்டையா இருக்கணும்."

"நீங்க லொறிக்காரரு, அப்படித்தான் சொல்லுவீங்க."

அதன்பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் இந்தச் சண்டை நடந்தது. மற்ற விஷயங்களைப் பேச இருவருக்கும் வராது. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதெல்லாம் அக்காவின் பங்கு. அவர்களுக்கு ஓட்டை போட்ட டிஸ்க்கா, மொட்டை டிஸ்க்கா என்பதுதான் பேச்சு. கார் தார்ப்பாய்க்குள் காத்திருந்தது.

2004 பெப்ரவரியில் கட்டடச் சாரம் சரிந்து அவன் இறந்தான். பெட்டி வந்தது. அடக்கம் முடிந்தது. கார் மட்டும் வீட்டுப் பக்கத்தில் அப்படியே நின்றது. "அந்தத் தார்ப்பாய் காத்துல அடிக்கிறப்பல்லாம் கதவத் தட்டுற மாதிரியே இருக்கு. யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். மொனராகலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் கேட்டு வந்தபோதுதான் மச்சான் தலையாட்டினார். ஞாயிறன்று வந்து எடுத்துப்போகச் சொன்னார். சனிக்கிழமை பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

உதிரிப்பாகக் கடைக்காரர் பிரேக் பேட் பெட்டியோடு இருவகை டிஸ்க்குகளையும் மேசையில் வைத்தார். மகன் முன்பு அவரிடம் விசாரித்திருக்கிறான். "பொடியன் கேட்டது இதுதானே" என்று ஓட்டை போட்டதை முன்னே தள்ளினார். செய்தி அவருக்குத் தெரியாது. மச்சான் அதை இரு கைகளாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். துளைகள் வழியே வந்த வெயில் அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதைத்தான் வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"கார எடுக்குறவன் மொனராகலைக்கு எறங்கணும். அவனும் ஒருத்தன் பெத்த புள்ள. மொட்டையவே குடுங்க."

"மகன் கோவிக்க மாட்டாரா?"

"கோவிப்பான்" என்றார் மச்சான். "கோவிக்கட்டும்."

பின்னேரம் தோட்டத்து வீட்டில் வேலை தொடங்கியது. முன்சக்கரங்களைக் கழற்றினார். பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரை அவிழ்த்து, அதன் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பழைய டிஸ்க் அரை நாளில் கழன்று வரும் சாமானாகத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை மாதம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு மாத்தத் தெரியாதா தம்பி? நான் வந்து மாத்துறேன்னு அவன் சொன்னான். நான் மாத்திட்டா அவன் என்னத்துக்கு வரணும்? இருக்கட்டும்னு விட்டேன்."

டிஸ்க் உட்காரும் முகத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பெற்றோல் துணியால் துடைத்தார். கலிப்பருக்குள்ளிருக்கும் பிஸ்டனைப் பழைய பேட்டை வைத்து நெரித்து உள்ளே தள்ளினார். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனார். கடைசி நட்டை இறுக்கியபின் நட்டுச் சாவியைக் கீழே வைக்காமல் சக்கரத்தருகில் குந்தியிருந்தார். அக்கா வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

புது பேட் டிஸ்க்கோடு பொருந்த, பலமுறை மிதித்து மிதித்து வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுக்கம் இல்லை. இறக்கம் முழுவதும் கார் சொன்னபடி கேட்டது. பீலியடிக்கு வந்ததும் அவர் கை தானாகவே காரை ஓரங்கட்டியது. இறங்கி, அங்கே கிடந்த வாளியை எடுத்து நிறைத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே வந்தார். அங்கே நின்றுவிட்டார். சக்கரத்திலிருந்து சூட்டு வாடை வந்துகொண்டிருந்தது.

எதிரே லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாரதி பழக்கக்காரர். "என்னண்ணே, தவளைக்குத் தண்ணி காட்டலியா?"

"இதுக்குத் தாகம் இல்லடா" என்றார் மச்சான்.

வாளித் தண்ணீரைப் புல்லில் சாய்த்தார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். லொறி புறப்பட்டுப் போனபிறகும் தோளிலும் சட்டையிலும் தண்ணீர் வழிய அங்கேயே குனிந்து நின்றார். டிஸ்க் தானாக ஆறும்வரை நான் காரில் காத்திருந்தேன்.

மச்சான் இறந்து சில வருடங்களாகின்றன. அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வீடு கூட்டும்போதுகூடப் பின்கதவில் கிடக்கும் டிஸ்க்கை நகர்த்த மாட்டாள், அதைச் சுற்றிக் கூட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை இரவு நான் தோட்டத்திலேயே தங்கினேன். மறுநாள் ஞாயிறு, ஆசிரியர் காரை எடுக்க வரும் நாள். விடிந்ததும் மச்சான் தேநீர்கூடக் குடிக்காமல் முதல் வேலையாகக் காரிடம் போனார். தார்ப்பாயை மடித்து வைத்தார். சக்கரங்களின் கீழ் பிரேக் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பனிமூட்டத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

"எரியுதா தம்பி?"

"எரியுது மச்சான்."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"எரியுதா?"