கவிழ்த்து வைத்த கொப்பரை

நீங்கள் நம்பாமல் போகலாம். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள் நான். வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இது நடந்தது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில், நாட்சஸ் நகரில், அடிமைக் காலத்துப் பொருள்களைக் காக்கும் சிறிய அருங்காட்சியகம் எங்களுடையது. கால்விலங்குகள், உள்நாட்டுப் போரின் துப்பாக்கிகள். நடுவே ஓர் இரும்புக் கொப்பரை. எங்கள் முன்னோர் ரகசியமாக ஜெபிக்கும்போது அதைத் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். குரலெல்லாம் அதற்குள் அடங்கிவிடும், எஜமானுக்குக் கேட்காது என்பது நம்பிக்கை. நானும் அதைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். பக்கத்தில் தினமும் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பேன். ஜெபித்துக் காய்ந்த தொண்டைகளுக்கு.

அன்று மாலை நல்ல மழை. மூடும் நேரத்தில் விட் சாண்டர்லின் வந்தார். அந்தக் கொப்பரை இருந்த பருத்தித் தோட்டத்தின் வாரிசு. இரவல் கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்தார். அவருடைய கல்யாண மண்டபத்து வாசலில் அதில் பூச்செடி வைக்க வேண்டுமாம்.

"நிமித்தாதீங்க சார். வேணாம்."

"ஏன் வெர்டெல், உள்ள உங்க தாத்தா தூங்குறாரா?"

சிரித்தபடியே புரட்டினார்.

டங்ங்ங்...

அந்த ஒலி நிற்கவே இல்லை. விளக்குகள் அணைந்தன. கொப்பரைக்குள் முணுமுணுப்பு... ஒருவர் அல்ல, பலர். ஜெபம் போலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே பெயர்.

சாண்டர்லின்... சாண்டர்லின்...

"யாரு அது? விளையாடாதீங்க."

இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

என் கன்னத்தில் ஈர மூச்சு.

"தண்ணி வச்ச புள்ள... நீ வீட்டுக்குப் போ."

போகவில்லை. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"சார்... சார்..."

அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, இரவில் நானே பூட்டிய கதவைத் திறந்தேன். கொப்பரை கவிழ்ந்திருந்தது. குவளை காலி.

சாண்டர்லினின் காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். சுத்தம் செய்தபோது உள்ளிருந்து அடுப்புக் கரி மட்டும் வந்ததாம்.

சாண்டர்லினின் அக்கா பிறகு என்னிடம் சொன்னார். ஐசம் என்ற அடிமை அந்தக் கொப்பரைக்குள் தலை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தான். எஜமான் கூப்பிட்டது கேட்கவில்லை. கேட்காத காது எதற்கு என்று இரண்டையும் அறுத்துவிட்டார், அவர்களுடைய முப்பாட்டனார்.

சனிக்கிழமைதோறும் சாண்டர்லினுக்கு சூப் கொண்டுபோகிறேன். நாம் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்காது. போன வாரம் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வெர்டெல்... அவங்க ஏன் இன்னும் ஆமென் சொல்ல மாட்டேங்குறாங்க?"