தட்டில் மிச்சம்

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தீயணைப்பு’ என்று பட்டப்பெயர். எங்கே புகைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளுக்கு முன்பதிவு செய்யும் மென்பொருள் அவள் பொறுப்பு. ஒரு நிரல் பதிவுகளை வாங்கி அனுப்பும். வேறு கணினிகளில் ஓடும் இன்னொன்று மருத்துவரின் நேரத்தை ஒதுக்கும். மதியம் கூட்டம் ஏறினால் ஏதாவதொன்று திணறும். வீட்டுக்கு வந்து அவள் சோற்றில் கை வைக்கும்போது ஃபோன் அடிக்கும். பேக்கரியில் விடியுமுன்பே மாவு பிசையப் போகும் கணவனோடு அவள் சேர்ந்து உட்காரும் ஒரே வேளை அதுதான்.

சலித்துப்போய், இரண்டு நிரல்களும் ஒன்றையொன்று பார்த்துத் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும்படி எழுதினாள். மேலாளர் ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் தேறாவிட்டால் பழையபடி ஃபோன்தான் என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஒதுக்கும் நிரல் சற்றுத் திணறியதும், பாவம் என்று மற்றது அனுப்புவதைக் குறைத்தது. வேலையில்லை போலும் என்று ஒதுக்கும் நிரல் தன் கணினிகளில் சிலவற்றை அணைத்தது. அதனால் இன்னும் மெதுவானது; அனுப்பும் நிரல் இன்னும் குறைத்தது. மரியாதை முற்றிப்போய் இரண்டும் ஏறக்குறைய நின்றேவிட்டன. வரிவரியாகத் தேடியும் பிழை அகப்படவில்லை. அவளுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் கணவன் சமைத்த குழம்பில் பெயருக்குக்கூட உப்பில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். அன்றுதான் வாய்விட்டுக் கேட்டாள்.

“ஏங்க, டாக்டர் உங்களை உப்பைக் குறைக்கச் சொன்னாரா?”

“எனக்கென்ன? நீதான் தட்டுல மிச்சம் வைக்கிறே. உப்பு கூடிப்போச்சோன்னு குறைச்சுக்கிட்டே வந்தேன்.”

“முதல்ல ஃபோன் வந்ததால வெச்சேன். அப்புறம் உப்பில்லாததால வெச்சேன்.”

சொன்னவள் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? குறைத்த நிரல் ஏன் குறைத்தது என்று சொல்லவேயில்லையே! அன்று மாலையே, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், யாருக்காகக் குறைக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

கெடுவின் கடைசி மதியம், நல்ல கூட்டம். தட்டுக்குப் பக்கத்தில் ஃபோன் கிடந்தது. மனம் கேளாமல் எட்டிப் பார்த்தாள். ஆள் காத்திருக்கிறது என்று ஒன்று சொல்லியிருந்தது; மற்றது இன்னொரு கணினியை எழுப்பிக்கொண்டிருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அடிக்கவேயில்லை.

“உப்பு எப்படி?” என்றான் கணவன்.

முன்பானால் நன்றாயிருக்கிறது என்றிருப்பாள். “கொஞ்சம் தூக்கல்” என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினான். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.