மாற்றிப் பாடியவர்கள்

கொட்டாரம் ஊரில் கோயிலுக்கும் சபைக்கும் பள்ளிவாசலுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தங்கையனின் ஒலிபெருக்கி. கோயில் கொடைக்கும் கன்வென்ஷனுக்கும் மிலாதுக்கும் அதே பெட்டி, அதே வயர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற தங்கையன் மற்ற இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு மைக் கட்டுவார். கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டும் வருவார். யாரும் இதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தது வாலிபர் சங்கம். பொங்கலுக்கு நல்லிணக்கக் கச்சேரி வேண்டும் என்றார்கள். தங்கையனுக்குக் குரல் உண்டு. துணிக்கடை சைபுதீன் கல்யாண வீடுகளில் பாடுகிறவர். பஜனைக் கோலப்பனைச் சொல்லவே வேண்டாம். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். சைபுதீனின் மகள் ஜஸ்னா பிறந்த அன்றே, "இவ நிக்காஹுக்கு மைக்கு எனக்க பொறுப்பு" என்று தங்கையன் சொல்லியிருந்தார். அந்த நிக்காஹ் இப்போது ஏப்ரலில்.

ஒத்திகையில் தங்கையனுக்கு ஒரு யோசனை உதித்தது.

"அவனவன் பாட்ட அவனவன் பாடுனா அது மூணு கச்சேரிடே. மாத்திப் பாடணும்."

"ஏலே மக்கா, சும்மா கெட," என்றார் சைபுதீன்.

"ஏசு பாட்டு ஒனக்கு நல்லா வரும்லே. எங்க சபையில உள்ளவன விட நல்லா வரும்."

"அதான் பயமே."

கச்சேரி பிரமாதம். சைபுதீன் ஏசுவையும், கோலப்பன் நபியையும், தங்கையன் முருகனையும் பாடினார்கள். கூட்டம் விசிலடித்தது.

மறுநாள் காலை வாட்சப் குழுக்கள் விழித்துக்கொண்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு வீடியோ. அடுத்தவன் நம் பாட்டைப் பாடியதற்குப் பூவும் இதயமும். நம்மவன் அடுத்தவன் பாட்டைப் பாடியதற்கு, 'இவனை யார் கேட்பது?' கோலப்பனுக்குப் பஜனை மண்டபத்தில் இடம் போயிற்று. தங்கையனைச் சபைக் கமிட்டி மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பாடியதைவிட, ரசித்துப் பாடியதுதான் குற்றமாம். பள்ளிவாசலில் சைபுதீனிடம் விளக்கம் கேட்டார்கள். மூன்று கமிட்டிகளும் இத்தனை ஒற்றுமையாக முடிவெடுத்ததை ஊர் அதுவரை கண்டதில்லை. அந்த வகையில் கச்சேரி வெற்றிதான்.

பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சைபுதீனுக்குப் போன் வந்தது. அன்று மாலை அவர் தங்கையன் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்தார்.

"நீ ஏமாத்திப் பாட வச்சேன்னு மாப்ள வீட்டுல சொல்லிட்டேன் மக்கா. என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியாதுன்னு."

"ஒரு வாரம் ஒத்திகை பாத்தியே?"

"பிள்ளைக்க காரியம்லே."

தங்கையன் பற்றவைத்துக்கொண்டிருந்த வயரைக் கீழே வைத்தார். "செரி. நா ஏமாத்துனதாவே இருக்கட்டு. மைக்கு?"

சைபுதீன் சுவரில் தொங்கிய வயர்ச் சுருளைப் பார்த்தார். "நாரோயில் டவுன்ல இருந்து ஆளு வருது."

நிக்காஹ் அன்று தங்கையன் மண்டபத்துக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்க யாரும் அழைப்பு வைக்க வேண்டியதில்லை. உள்ளே பேச்சு தொடங்கியதும் மைக் கீச்சிட்டது. பெட்டியை மைக்குக்கு நேராக வைத்திருக்கிறான் மடையன்; கொஞ்சம் தள்ளினால் நின்றுவிடும். மறுபடியும் கீச்சிட்டது. சைபுதீன் வியர்வையோடு வாசலுக்கு வந்தார், எதிரே பார்த்தார். தங்கையன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்து, ஒரு கையால் அதை ஓரமாக நகர்த்திக் காட்டினார். யாராவது பார்த்தார்களா என்று இருபுறமும் நோட்டம் விட்டுவிட்டு சைபுதீன் உள்ளே போனார்.

கீச்சல் நின்றது. ஜஸ்னாவுக்கான துஆ தெருவரை தெளிவாகக் கேட்டது. வாய்வரை வந்த ஆமெனைத் தங்கையன் டீயோடு சேர்த்து விழுங்கினார். கடையில் எல்லோர் கையிலும் போன் இருந்தது.