பிரிண்டருக்கு இறக்கிய மென்பொருள்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிறேன். போன மாதம் ஒருநாள், சரக்குப் பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கரை அடிக்கும் பிரிண்டர் ஓடவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து இறக்கினேன். நிறுவும்போது கம்ப்யூட்டர் அனுமதி கேட்டது. பிரிண்டர் கம்பெனியின் பெயர் வரவேண்டிய இடத்தில், வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்றிருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

"எல்லாத்துக்கும் இப்படித்தானுங்க கேட்கும். எஸ் குடுத்துட்டு வேலையப் பாருங்க" என்றார் மேனேஜர். சரக்கு அன்று மாலை கிளம்பியாக வேண்டும்.

"இல்லீங்க, இது சரியாப் படலீங்க" என்று ரத்து செய்தேன்.

அவர் எரிச்சலோடு அதே தளத்திலிருந்து தன் கம்ப்யூட்டரில் இறக்கி நிறுவினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் ஃபைல் திறக்கும் என்று திரையில் மிரட்டல் அறிவிப்பு மட்டும் நின்றது. மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் பரவாமல் இருக்க, நான் ஓடிப்போய் அவர் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன். என் பேட்டர்ன்கள் தப்பின. அவருடைய ஆர்டர் விவரங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சரக்கும் அன்று போகவில்லை.

இப்போது எந்த டிரைவர் வேண்டுமென்றாலும் முதலில் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் உள்ள அப்டேட் பகுதியில்தான் பார்க்கிறேன். அங்கே இல்லையென்றால், தயாரித்த கம்பெனியின் தளத்துக்கே நேராகப் போகிறேன். மேனேஜரும் எஸ் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிடுகிறார். "ஏனுங்க, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."