ரவுண்டானாவுக்குள் காய்ந்த நெல்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் ஒரு நாற்சந்தி. பேருந்தும் லாரியும் டிராக்டரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். அதன் நடுவே மணல் நிரப்பிய டிரம்களை வட்டமாக வைத்து, சோதனைக்கு ஒரு ரவுண்டானா அமைத்திருந்தார்கள். வட்டத்தைச் சுற்றிப் போனால் யாரும் காத்து நிற்க வேண்டாம் என்பது திட்டம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரியும் எனக்கு அங்கே கொடி காட்டும் வேலை. படுக்கை, பேருந்து நிலையத்தில்.

யாரும் சுற்றவில்லை. பைக்குகள் டிரம் இடுக்கில் புகுந்து நேராகப் போயின. "இன்னாய்யா, சுத்திக்கினு போவச் சொல்றே? கோயிலு பிரகாரமா இது?" என்று ஒரு லாரி டிரைவர் திட்டினார்.

மறுநாள் காலை ஒரு அம்மா தலையில் நெல் மூட்டையோடு வந்து, வட்டத்துக்குள் கொட்டிப் பரப்பினார். அறுப்புக் கூலியாகக் கிடைத்த நெல். அடுத்த அறுப்பு வரை வீட்டுக்குச் சோறு அதுதான். என்னை வேலைக்கு வைத்த மேஸ்திரி பார்த்தால் என் வேலை போய்விடும் என்றேன்.

"ரோட்டோரம் கொட்னா ஆடு மாடு வுடுதா? இங்க நீ நின்னுகினு கீறியே நைனா, பாத்துக்க மாட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கழனி வேலைக்குப் போய்விட்டார்.

இடுக்கில் நுழைய வந்த பைக்குகள் நெல்லைப் பார்த்ததும் தயங்கி வளைந்தன. சோற்றின் மேல் சக்கரம் ஏற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. மதியத்துக்குள் எல்லோரும் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள்.

பிற்பகலில் வானம் கறுத்தது. கொடியை விட்டால் சந்தியில் வண்டிகள் சிக்கிக்கொள்ளும். விடாவிட்டால் அந்த அம்மாவின் நெல் போய்விடும். கொடியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் வார ஆரம்பித்தேன். முதல் தூறல் விழும்போது, என்னைத் திட்டிய அதே டிரைவர் லாரியை ஓரம் நிறுத்தித் தார்ப்பாயோடு ஓடி வந்தார்.

"வாரிக்கினு நிக்காதய்யா! நடுவுல குமி. இந்த முனையப் புடி!"

குவித்து மூடி, ஆளுக்கொரு பக்கம் பாயை மிதித்துக்கொண்டு நனைந்தோம். கொடி காட்ட ஆளில்லாமலே வண்டிகள் எங்களைச் சுற்றி மெதுவாக வளைந்து போயின.

அந்த அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, பாய்க்கடியில் கையை விட்டுப் பார்த்தார். நெல் காய்ந்தே இருந்தது. நனைந்த முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினார். "சளி புடிக்கப் போவுது பாரு" என்றார். என் தலையை ஒருவர் துவட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

இன்றும் ஊர் ஊராகத்தான் திரிகிறேன். எந்த ரவுண்டானாவைச் சுற்றினாலும், நடுவில் யாருடைய நெல்லோ காய்கிறது என்று நினைத்தே மெதுவாகப் போகிறேன்.